வேலூரில் வரிசை எண்ணைப் பறிகொடுத்த பட்டாளம்: முதலாம் மதராஸ் காலாட்படை, 1758–1933

சோளிங்கர்வாசி

எங்கள் ஊர்ப் பெயர் ஒரு ரெஜிமென்டின் கௌரவப் பட்டியலில் இருந்தது என்று சொன்னால் ஊரிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். 1781 செப்டம்பர் 27 அன்று சோளிங்கரில் ஹைதர் அலிக்கும் ஜெனரல் அயர் கூட் நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் சண்டை நடந்தது. அதில் நின்ற சிப்பாய்ப் பட்டாளங்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் கழித்து ‘சோளிங்கர்’ என்று போர்க் கௌரவம் கொடுத்தார்கள். அந்தப் பட்டாளங்களில் மூத்ததைப் பற்றித்தான் இந்த இழை.

1758 கடைசி. பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகை போட வருகிறான். அதுவரை கம்பெனியின் சிப்பாய்கள் ஒரு சுபேதாருக்கு நூறு பேர் என்ற கணக்கில், தனித்தனிக் கூட்டமாகத்தான் இருந்தார்கள். கம்பெனித் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் காலத்தில் அவர்களைச் சேர்த்து பட்டாலியன் கட்டினார்கள். ‘கோஸ்ட் சிப்பாய்’ முதலாம் பட்டாலியன் அப்படிப் பிறந்தது. கோஸ்ட் என்றால் சோழமண்டலக் கரை.

பிறகு பேர் மாறிக்கொண்டே வந்தது. 1769ல் முதலாம் கர்நாடிக் பட்டாலியன். 1784ல் முதலாம் மதராஸ் பட்டாலியன். 1796ல் முதலாம் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். 1824ல் முதலாம் மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. 1883ல் பயனீர், அதாவது பாதை வெட்டும் காலாட்படை, ஆக்கினார்கள். 1903ல் இந்தியத் தலைமைத் தளபதி கிச்சனர் மதராஸ் எண்களோடெல்லாம் அறுபதைக் கூட்டியதில் 61ஆம் பயனீர்ஸ். 1910ல் ஜார்ஜ் மன்னர் பட்டம். 1922ல் மதராஸ் பயனீர்ஸின் முதல் பட்டாலியன். 1933ல் கலைப்பு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாப் பெயரிலும் ‘முதலாம்’ இருக்கிறது, 61லும் அந்த ஒன்று ஒளிந்திருக்கிறது. ஆனால் 1807 முதல் 1818 வரை மட்டும் இவர்கள் எண் 24. ஏன் என்று இங்கே உள்ள பெரியவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு யாராவது சொல்லுங்கள். வேலூர்க்காரர் யாராவது சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

கோட்டைநிழல்

கூப்பிட்டுட்டீங்க, வந்துட்டேன்.

1806 ஜூலை 10. பாடப் புத்தகத்துல ரெண்டு பத்தியில முடிச்சுடுறாங்க, அதனால கொஞ்சம் விரிவா.

1805 நவம்பர்ல புதுத் தலைப்பாகை உத்தரவு வந்துச்சு. பழைய தலைப்பாகை மாதிரி இல்ல, தொப்பி சாயல், முன்னாடி தோல்ல செஞ்ச ஒரு குஞ்சம். தோல் எந்த மிருகத்தோடதுன்னு யார் சொல்வா? மாடா, பன்றியா? கூடவே நெத்தியில நாமம், விபூதி கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை இன்ன அளவுதான்னு நிலையாணை. அது போதாதுன்னு, துப்பாக்கியக் கழட்டுறதுக்கு ஒரு சின்ன திருகு கருவி, அதை மார்புல தொங்க விடணும். பார்க்க சிலுவை மாதிரியே இருக்கும். மூணையும் சேர்த்துப் பாருங்க. கெட்ட எண்ணத்தோட செஞ்சாங்களா, மண்டையில ஒண்ணுமில்லாம செஞ்சாங்களான்னு கேட்டா நான் ரெண்டாவதுன்னுதான் சொல்வேன். சென்னைத் தளபதி ஜான் கிராடாக், கவர்னர் வில்லியம் பெண்டிங், ரெண்டு பேருக்கும் ஆளுகளத் தெரியாது.

மே மாசமே வேலூர்ல இருந்த நாலாம் ரெஜிமென்டோட ரெண்டாம் பட்டாலியன் தொப்பியப் போட மாட்டோம்னு நின்னுச்சு. ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ரெண்டு ஹவில்தாருக்குக் கசையடி. அந்தப் பட்டாலியன சென்னைக்கு மாத்திட்டு 23ஆம் ரெஜிமென்டோட ரெண்டாம் பட்டாலியனக் கொண்டு வந்தாங்க. முதலாம் ரெஜிமென்ட் ஏற்கெனவே கோட்டையில இருந்துச்சு. திப்பு சுல்தானோட பிள்ளைகளும் அதே கோட்டைக்குள்ள காவல்ல.

ஜூலை 9 ராத்திரி அரண்மனையில திப்பு மகளுக்குக் கல்யாணம். மறுநாள் காலையில பரேடு இருந்ததால சிப்பாய்ங்க கோட்டைக்குள்ளயே படுத்தாங்க. விடியறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி சுட ஆரம்பிச்சாங்க. வெள்ளைக்காரப் பட்டாளம் 69ஆம் ரெஜிமென்ட், நாலு கம்பெனி, தூக்கத்துல மாட்டுனாங்க. நூத்துக்கு மேல செத்தாங்க. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் போனார். மைசூர்ப் புலிக்கொடி ஏறுச்சு.

ஆற்காடு பதினாறு மைல். அங்கேருந்து கில்லஸ்பி குதிரைப்படையோட வந்துட்டான். கதவு திறக்கல. மேல மிச்சமிருந்த 69ஆம் ஆளுங்க கயிறு விட்டு அவன மதிலுக்குத் தூக்குனாங்க. அப்புறம் பீரங்கி வந்து கதவ உடைச்சுது. அதுக்கப்புறம் நடந்தது சண்டையே இல்ல, படுகொலை. சுவத்துல நிக்க வச்சு சுட்டாங்க. செத்த சிப்பாய்ங்க எண்ணிக்கை எத்தனை நூறுன்னு ஆளுக்கொரு கணக்கு. விசாரணைக்கு அப்புறம் பீரங்கி வாயில கட்டி சுட்டது ஆறு பேர்.

முதலாம் ரெஜிமென்டோட ரெண்டு பட்டாலியனையும், 23ஆமோட ரெண்டாம் பட்டாலியனையும் படைப் பட்டியல்லேருந்தே அடிச்சுட்டாங்க. கலகத்துல சேராத ஆட்கள வச்சு 1807ல புதுசா ஒண்ணு கட்டி, வரிசையில கடைசியா எண் குடுத்தாங்க. அதான் 24.

கேள்விக்குறி

அப்போ 1806ல சுட்டவங்க தியாகி, மிச்சம் இருந்து 24ல சேந்தவங்க துரோகி. சிம்பிள். இதுல ரெஜிமென்ட் பெருமை எங்க வருது? துரோகிகளோட வம்சாவளிய எதுக்கு இவ்ளோ ஆராயணும்?

பழைய ரெஜிஸ்டர்

கேள்விக்குறி தம்பிக்கு ஒரு ஆளை அறிமுகப்படுத்துகிறேன். முஸ்தபா பேக். முதலாம் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன் சிப்பாய். 1806 ஜூன் 17 அன்று தன் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், பட்டாலியனில் சதி நடக்கிறது, வெள்ளைக்காரர்களைக் கொல்லச் சத்தியம் செய்திருக்கிறார்கள் என்று சொன்னார். கர்னல் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் புகாரை விசாரிக்கும்படி அந்தப் பட்டாலியனின் இந்திய அதிகாரிகளிடமே கொடுத்தார்! அவர்கள் கூடிப் பேசி, இவன் பைத்தியம், ரெஜிமென்டின் மானத்தைக் கெடுக்கிறான் என்று தீர்ப்பு சொன்னார்கள். முஸ்தபா பேக்கை விலங்கு போட்டு அடைத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அவர் சொன்னது அப்படியே நடந்தது.

பிறகு அவருக்கு 2,000 பகோடா பொன் நாணயமும் சுபேதார் பென்ஷனும் கொடுத்தார்கள். நீங்கள் துரோகி என்பீர்கள், கம்பெனி விசுவாசி என்றது. எனக்கு அந்த மூன்று வாரம்தான் முக்கியம். ஒரே லைனில், அதாவது சிப்பாய்க் குடியிருப்பில், குடும்பத்தோடு இருக்கிற ஆட்கள். ஒருவன் சொல்வதை மற்றவர் எல்லாரும் சேர்ந்து மறைக்க முடிந்தது, சுபேதார் முதல் சிப்பாய் வரை. இப்படி ஒட்டிக்கிடந்த ஒரு கூட்டத்தைத் தியாகி இந்தப் பக்கம், துரோகி அந்தப் பக்கம் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியுமா?

இன்னொன்று. 1790களின் தொடக்கத்தில் திப்புவை எதிர்த்துப் போரிட்டதற்காக இதே ரெஜிமென்டுக்கு ‘மைசூர்’ கௌரவம் உண்டு. பதினைந்து வருடத்துக்குள் அதே ரெஜிமென்ட் வேலூரில் திப்பு வீட்டுக் கொடியை ஏற்றியது. ஆள் மாறிவிட்டானா? நிலைமை மாறியது.

கோட்டைநிழல்

ரெஜிஸ்டர் சார், நீங்க சொல்றது சரின்னு வச்சுக்கிட்டாலும், எங்க ஊர்ல செத்தவங்க பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹஸ்ரத் மக்கான் பக்கம் 1998ல ஒரு தூண் வச்சாங்க. 2006ல இருநூறாம் ஆண்டுக்கு ஒரு தபால் தலை. அவ்வளவுதான். காட்டிக் கொடுத்தவன் பேர், பணம், தேதி எல்லாம் ரிக்கார்டுல பத்திரமா இருக்கு. சுடப்பட்டவன் பேர் பெரும்பாலும் இல்ல. உங்க ஆவணத்துக்குப் பக்கம் இருக்கு சார்.

பழைய ரெஜிஸ்டர்

இருக்கிறது. மறுக்கவில்லை.

நாகபுரித் தமிழன்

அடுத்த காட்சி எங்க ஊர்ல. ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கினா எதிர்லயே சீதாபுல்டி குன்று. டேக்டி கணபதி கோயிலுக்குப் போற நம்ம ஆட்களுக்கு மேல ஒரு கோட்டை இருக்கறதே தெரியாது, ராணுவம் வச்சிருக்கு. சுதந்திர தினம், குடியரசு தினம் மாதிரி நாள்ல பொதுமக்கள உள்ள விடுவாங்க.

1817 நவம்பர் 26, 27. நாக்பூர் போன்ஸ்லே அப்பா சாஹிப்புக்கும் கம்பெனிக்கும் முறுகல். ரெசிடென்ட், அதாவது கம்பெனியோட அரசவைப் பிரதிநிதி, ஜென்கின்ஸ் பங்களா குன்றுக்குக் கீழ. அவர் பக்கம் இருந்த படை மொத்தமே ஆயிரத்து ஐநூறுக்குள்ள: மதராஸ் 20ஆம் ரெஜிமென்டோட முதல் பட்டாலியன், 24ஆமோட முதல் பட்டாலியன், வங்காளக் குதிரைப்படை மூணு ட்ரூப். எதிர்ல பல மடங்கு, அதுல அரபுக் கூலிப்படை ரொம்ப முரட்டுத்தனம்.

குன்று ஒண்ணு இல்ல, ரெண்டு. பெருசு ஒண்ணு, அதுக்கு வடக்கே சின்னது ஒண்ணு. சின்னது பெரியதவிடத் தாழ்வு, ஆனா அங்கேருந்து பெரியத அடிக்கலாம். அதப் பிடிச்சவன் கையில ஆட்டம். அந்தச் சின்னக் குன்றுல ஒரே ஒரு பீரங்கியோட 24ஆம் ஆட்கள் முந்நூறு பேரை நிறுத்துனாங்க. சாயங்காலம் ஆரம்பிச்ச சண்டை ராத்திரி முழுக்க விடல. கேப்டன் சாட்லர் அந்தக் குன்றுலயே செத்தார். கீழ இருக்குற குடிசைகள்லேருந்து சுட்டுக்கிட்டே மேல ஏறுறாங்க, இருட்டுல யார் எவ்ளோ தூரத்துல இருக்கான்னு தெரியாது. மறுநாள் காலைல வெடிமருந்து வெடிச்ச குழப்பத்துல அரபுங்க கத்தியோட பாய்ஞ்சு குன்றப் பிடிச்சுட்டாங்க. பீரங்கியப் பெரிய குன்று பக்கம் திருப்பிட்டாங்க. கதை முடிஞ்சுதுன்னு நினைச்ச நேரத்துல ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஒரு கேப்டன் குதிரைப்படையோட கீழ இறங்கிப் பாய்ஞ்சான். அதே சமயம் அரபுங்க கைல இருந்த குன்றுலயும் வெடிமருந்து வெடிச்சுது. கீழ விழுந்தவன் எழுந்திருக்கறதுக்குள்ள நம்மாளுங்க திரும்ப ஏறிட்டாங்க. நாலுல ஒருத்தனுக்கு அடி, இல்ல சாவு.

ஜெயிச்ச பிறகு 24ஆம் பட்டாலியன் கேட்டது என்ன தெரியுமா? எங்க பழைய எண்ணத் திருப்பிக் குடுங்க. 1818ல உத்தரவு வந்துச்சு. திரும்பவும் முதலாம் ரெஜிமென்ட். ‘சீதாபுல்டி’ கொடியில ஏறுச்சு.

கேள்விக்குறி

இப்பவும் என் பாயின்ட் அப்படியேதான் இருக்கு அண்ணே. வெள்ளைக்காரன் பறிச்ச எண்ண வாங்கறதுக்கு இன்னொரு இந்திய ராஜாவோட படையக் கொன்னாங்க. மராட்டியன் என்ன பண்ணான் இவங்களுக்கு?

நாகபுரித் தமிழன்

மராட்டியன் பக்கம் முன்வரிசையில நின்னவன் அரேபியாக்காரன் தம்பி. கம்பெனி பக்கம் நின்னவன் ஆற்காட்டுக்காரனும் ஆந்திராக்காரனும். 1817ல ‘இந்திய ராஜா’ன்னு ஒரு சிப்பாய்க்கு எந்த அர்த்தமும் கிடையாது. எந்த ராஜா சம்பளம் பாக்கி வைக்காமத் தர்றான்ங்கறதுதான் கேள்வி. கம்பெனி மாசாமாசம் தந்துச்சு, பென்ஷன் தந்துச்சு. அதுதான் அவங்க கண்டுபிடிப்பு, பீரங்கி இல்ல.

எம்இஜி பென்ஷன்

நான் பெங்களூரு மதராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படை) இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணுக்காக ஏன் இவ்வளவு என்று கேட்கிற தம்பிக்கு ஒரு பட்டாளத்துக்காரனாகச் சொல்கிறேன்.

மதராஸ் சிப்பாய் வடக்கத்திச் சிப்பாய் மாதிரி குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்தவன் இல்லை. பெண்டாட்டி, பிள்ளை, ஆத்தா எல்லாம் பட்டாளத்தோடேயே போகும். பட்டாளம் பல்லாரிக்குப் போனால் குடும்பமும் பல்லாரி. பிள்ளைகள் லைனிலேயே பிறந்து, ‘ரெக்ரூட் பாய்’ என்று அரைச் சம்பளத்தில் சேர்ந்து, அப்பன் செத்தால் அந்த இடத்துக்கு வரும். அவனுக்குச் சொந்த ஊர் கேட்டால் ரெஜிமென்ட் எண்ணைத்தான் சொல்வான். 1806ல் இருபது வயசுச் சிப்பாயாக இருந்து தப்பித்தவன் 1817ல் நாயக்காகவோ ஹவில்தாராகவோ அந்தக் குன்றில் இருந்திருப்பான். அப்பனைக் கோட்டையில் இழந்த பையனும் இருந்திருக்கலாம். அவனுக்கு 24 என்றால் பதினோரு வருடமாக நெற்றியில் ஒட்டின தண்டனை.

வரிசை என்பது வெறும் கௌரவமும் இல்லை. அணிவகுப்பில் வலது பக்கம் யார் நிற்பது, கலைக்கும்போது யாரை முதலில் கலைப்பது, எல்லாம் எண்ணைப் பார்த்துத்தான். 24 என்றால் கத்தி விழும்போது கழுத்து முன்னால்.

அப்புறம் பயனீர் விஷயத்தில் பலர் குழம்புவார்கள். 1780ல் கட்டிய பழைய மதராஸ் பயனீர்ஸ் வேறு. அவர்கள் 1831ல் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் ஆனார்கள், அதுதான் எங்கள் சாப்பர்ஸ். இங்கே பேசுகிற பயனீர், 1883ல் காலாட்படையையே கோடாரி, மண்வெட்டி, கடப்பாரை கொடுத்து மாற்றியது. முன்னால் போய்ப் பாதை வெட்டு, பள்ளம் நிரப்பு, தேவைப்பட்டால் துப்பாக்கியை எடு. முதலாம், நான்காம் ரெஜிமென்ட் இரண்டையும் அப்படி மாற்றினார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்து ஆட்களும் கிறித்தவர்களும் இதில் நிறைய உண்டு. பர்மாவில் 1885-87, சீனாவில் 1900, எங்கே போனாலும் முதல் ரோடு இவர்கள் போட்டதாகத்தான் இருக்கும். சுட்டவனுக்கு மெடல், ரோடு போட்டவனுக்கு வியர்வை.

சோளிங்கர்வாசி

ஐயா, பயனீர் ஆக்கியது பதவி உயர்வா, தண்டனையா?

பழைய ரெஜிஸ்டர்

உயிர் காத்த மருந்து என்று சொல்லலாம்.

1881 முதல் 1885 வரை மதராஸ் படைத் தளபதி ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். தெற்கே நீண்ட அமைதி வந்து ஆட்கள் போர்க்குணம் இழந்துவிட்டார்கள் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதியவர். அதே ஆள் 1885ல் இந்தியா முழுமைக்கும் தளபதி ஆகி 1893 வரை இருந்தார். ‘போர்க்குடி’ என்கிற சித்தாந்தம் அப்போதுதான் அரசாங்கக் கொள்கை. மதராஸ் ரெஜிமென்டுகளின் எண்ணும் சொத்தும் அப்படியே இருக்க, உள்ளே இருந்த தமிழனையும் தெலுங்கனையும் எடுத்துவிட்டு பஞ்சாபியை நிரப்பினார்கள். சட்டை அதே சட்டை, உள்ளே ஆள் வேறு.

உதாரணத்துக்கு இரண்டாம் மதராஸ் ரெஜிமென்ட். 1759ல் இதே கரையில் கட்டியது. 1803ல் மராட்டியரோடு நடந்த அசாயே சண்டையில் வெல்லஸ்லி கீழ் நின்றது. கிச்சனர் கணக்கில் அது 62ஆம் பஞ்சாபிகள், 1922ல் முதலாம் பஞ்சாப் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன், 1947ல் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இன்றைக்குப் பாகிஸ்தான் காலாட்படையில் மிக மூத்த பட்டாலியன் அதுதான், லாலி காலத்துச் சோழமண்டலச் சிப்பாய்களின் வாரிசு! நம் பக்கம் உள்ள பஞ்சாப் ரெஜிமென்டின் பழைய பட்டாலியன்கள் சிலவும் பழைய மதராஸ் எண்கள்தான். பத்தாம் மதராஸ் கூர்க்கா ஆனது தனிக் கதை.

முதலாம் ரெஜிமென்ட் பயனீர் ஆனதால்தான் தமிழ் ஆட்களோடு தப்பியது. மண்வெட்டி பிடிக்கப் போர்க்குடி தேவையில்லை என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

தார்எஸ்சலாம் ராஜா

ரொம்ப நாளா இந்த இழையப் படிச்சுக்கிட்டிருக்கேன். வேலை விஷயமா தான்சானியாக் கடற்கரையில இருக்குற டாங்காவுக்கு அடிக்கடி போறவன். 61ஆம் பயனீர்ஸ் பேர நான் முதல்ல கேட்டதே அங்கதான். யாரும் இன்னும் டாங்காவத் தொடல, அதனால நான்.

1914 நவம்பர். ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவப் பிடிக்க பம்பாயிலேருந்து கப்பல்ல எட்டாயிரம் பேர், தளபதி ஐட்கன். ஆட்கள் பாதிப் பேர் ஒருத்தரோட ஒருத்தர் சேர்ந்து பயிற்சியே எடுக்கல. அக்டோபர் நடுவுல கிளம்பி ரெண்டு வாரத்துக்கு மேல கப்பல்ல நெருக்கடி, வாந்தி. துறைமுகத்துக்கு முன்னாடி வந்து நின்ன ஃபாக்ஸ் போர்க்கப்பல் கேப்டன் என்ன பண்ணார்? ஏற்கெனவே இருந்த சண்டைநிறுத்தம் இனிச் செல்லாதுன்னு ஜெர்மன்காரனுக்கு மரியாதையா நோட்டீஸ் குடுத்தார்! ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்குக்கு அது போதும். ரயில்ல ஆட்களக் கொண்டு வந்து இறக்கிட்டான். மொத்தமே ஆயிரம் பேர்.

நவம்பர் 2 ராத்திரி முதல்ல கரையேத்துனது 13ஆம் ராஜ்புத்ஸும் நம்ம 61ஆம் பயனீர்ஸும். இருட்டு, சதுப்பு, புதர், எங்க நிக்கறோம்னே தெரியாது. கப்பல்லேருந்து இறங்கின கால் இன்னும் ஆடிக்கிட்டிருக்கும். விடியறப்ப அப்படியே ஊர் மேல நடக்கச் சொன்னாங்க. பாதை வெட்டப் பழகின ஆட்கள முதல் தாக்குதலுக்கு விட்டது யார் யோசனையோ! மெஷின்கன் அடி, ராஜ்புத்ஸ் அதிகாரிங்க விழுந்தாங்க, 61ஆம் பக்கவாட்டுல போய் அங்கயும் எதிர்த்தாக்குதல்ல மாட்டுச்சு. பின்வாங்குனாங்க. 4ஆம் தேதி முழுப் படையும் இறங்கிப் போச்சு. அன்னைக்குத்தான் அந்தப் பிரபலமான தேனீ. மரத்துல இருந்த கூடுங்க குண்டுல சிதறி ரெண்டு பக்கத்தையும் கொட்டிருச்சு. ஜெர்மன்காரன் தேனீயப் பழக்கி விட்டான்னு அப்ப பத்திரிகையில எழுதினாங்க, அதெல்லாம் சால்ஜாப்பு.

எண்ணூறு பேருக்கு மேல நஷ்டம். கரையில விட்டுட்டுப் போன துப்பாக்கி 455, தோட்டா ஆறு லட்சம். லெட்டோ அத வச்சே அப்புறம் பல நாள் சண்டை போட்டான். பாளையங்கோட்டை பேர் தாங்கின 63ஆம் லைட் இன்ஃபன்ட்ரியும் அங்க இருந்துச்சு, அதுக்கும் மோசமான நாள்.

பழி எல்லாம் மதராஸ் ஆள் மேல. பயந்தாங்கொள்ளிங்கன்னு.

பழைய ரெஜிஸ்டர்

அந்தப் பழியில் பாதி, உளவு அதிகாரி மைனர்ட்ஸ்ஹேகனின் நாட்குறிப்பிலிருந்து வந்தது. பின்னாளில் திருத்தி எழுதிய நாட்குறிப்பு என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதே மனிதர் அருங்காட்சியகத்துப் பறவை மாதிரிகளைத் திருடி, இடம் மாற்றிச் சீட்டு ஒட்டி அறிவியலையே ஏமாற்றியவர். அவர் சாட்சியத்தில் மதராஸ் சிப்பாயை எடைபோடுவது எனக்குச் சம்மதமில்லை. திட்டமிட்டவர்கள் லண்டனிலும் சிம்லாவிலும் இருந்தார்கள். ஐட்கனுக்கு அதன்பின் படை கொடுக்கவில்லை என்பதே போதுமான தீர்ப்பு.

கேள்விக்குறி

சரி, ஒரு விஷயம் ஒத்துக்கறேன், வேலூர்ல கோடு போடறது கஷ்டம். ஆனா டாங்காவுல செத்த ஆளுக்கு எதுக்காகச் சாகறோம்னு தெரிஞ்சிருக்கும்னு நினைக்கறீங்களா? அவனுக்கு ஜெர்மன்காரன் யாரு?

எம்இஜி பென்ஷன்

தெரிந்திருக்காது தம்பி. பக்கத்தில் நிற்கிற ஆள் விழுந்தால் தூக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கும். எங்கள் காலத்திலும் அவ்வளவுதான்.

டாங்காவோடு கதை முடியவில்லை. ரெஜிமென்ட் கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே தங்கியது. காடும் மலேரியாவுமாக இருந்த இடத்தில் ரோடு, பாலம், முகாம் என்று வருடக்கணக்கில் வேலை. குண்டில் செத்தவனைவிடக் காய்ச்சலில் படுத்தவன் அதிகம் என்பதுதான் அந்தப் போர்முனை முழுக்க நிலைமை.

முடிவு 1933. உலகப் பொருளாதார மந்தம், ராணுவச் செலவைக் குறை என்று உத்தரவு. பயனீர் என்ற இனமே அரைகுறை என்று முடிவு கட்டினார்கள். இன்ஜினீயரும் இல்லை, முழுக் காலாட்படையும் இல்லை. சீக்கியப் பயனீர், பம்பாய்ப் பயனீர், ஹசாராப் பயனீர், மதராஸ் பயனீர், எல்லாம் ஒரே வருடத்தில் காலி. நம் ஆட்களில் தேறியவர்களை மதராஸ் சாப்பர்ஸ் எடுத்துக்கொண்டது.

காலாட்படைப் பக்கம் பார்த்தால் மதராஸ் ரெஜிமென்டையே 1920களில் படிப்படியாகக் கலைத்துவிட்டிருந்தார்கள். அடுத்த போர் வந்ததும் ஆள் பற்றாமல் 1940களின் தொடக்கத்தில் திரும்பக் கட்டினார்கள். ‘போர்க்குடி இல்லை’ என்று ஐம்பது வருடம் சொன்னவர்கள் ஒரே மாதத்தில் மறந்துபோனார்கள்!

சோளிங்கர்வாசி

அப்படியானால் இன்றைய நீலகிரி வெலிங்டன் மதராஸ் ரெஜிமென்ட் 1758 என்று சொல்லிக்கொள்வது?

எம்இஜி பென்ஷன்

மதராஸ் படை மொத்தத்தின் பிறந்த நாளாக எடுத்துக்கொள்கிறார்கள், தப்பில்லை. ஆனால் பட்டாலியன் பட்டாலியனாகக் கேட்டால் அங்கே 73ஆம் கர்நாடிக், வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, திருவிதாங்கூர் நாயர் பிரிகேட் வழியெல்லாம்தான் வருகிறது. முதலாம் ரெஜிமென்ட் வழியாக நேராக வந்த பட்டாலியன் ஒன்றும் இல்லை. அதன் ஆட்களும் நினைவும் எங்கள் பெங்களூரு சாப்பர்ஸ் சென்டரில்தான் வந்து சேர்ந்தது.

புதுவரவு_ராணிப்பேட்டை

வணக்கம். இந்த இழைக்காகவே கணக்கு தொடங்கினேன். எங்கள் கொள்ளுத்தாத்தா ‘ஆப்பிரிக்காவுக்குப் போய் வரவில்லை’ என்று வீட்டில் சொல்வார்கள். ‘பயனீர்’ என்ற வார்த்தை மட்டும் தெரியும், வேறு காகிதம் எதுவும் இல்லை. தேட வழி இருக்கிறதா?

தார்எஸ்சலாம் ராஜா

இருக்குங்க. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல பேர் தேடலாம், காசு இல்ல. நாடுன்னு தான்சானியா, கென்யா ரெண்டும் போட்டுப் பாருங்க. நைரோபியில இந்திய ஆட்களுக்குன்னு நினைவுச்சின்னம் இருக்கு, டாங்காவுலயும் கல்லறை இருக்கு. ரெஜிமென்ட் இடத்துல 61ஆம் பயனீர்ஸ்னு போட்டுட்டு, பேர ஒரே எழுத்துக்கூட்டல்ல தேடாதீங்க. முனுசாமிய எட்டு விதமா எழுதி வச்சிருப்பான். பேர் பொதுவான பேரா இருந்தா அப்பா பேர், ஊர் பேர் பக்கத்துல குறிச்சிருக்கான்னு பாருங்க, பல பேருக்கு இருக்கும், சில பேருக்கு இருக்காது.

பழைய ரெஜிஸ்டர்

ஊரில் பழைய பள்ளிக்கூடம், சாவடி, தாலுகா அலுவலகச் சுவர் எதிலாவது ‘இந்தக் கிராமத்திலிருந்து பெரும்போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கல் பதித்திருக்கிறதா பாருங்கள். வட ஆற்காட்டுப் பக்கம் அப்படிக் கற்கள் உண்டு. பேர் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான். ஆனால் கல் இருந்தால் குடும்பக் கதைக்கு ஒரு பிடி கிடைக்கும். வெள்ளையடித்து மறைத்திருப்பார்கள், சுரண்டிப் பார்க்கும் முன் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.

புதுவரவு_ராணிப்பேட்டை

பேர் சின்னையன். ஒரே பேர்தான், அப்பா பேர் தெரியவில்லை. இன்றைக்கு ராத்திரியே தேடிப் பார்க்கிறேன்.

தார்எஸ்சலாம் ராஜா

சி-யில தேடிக் கிடைக்கலன்னா ‘ஷின்னியா’, ‘சின்னய்யா’ ரெண்டும் போட்டுப் பாருங்க. கிடைச்சா கல்லறை வரிசை எண்ண இங்க போடுங்க. அடுத்த தடவை டாங்கா போறப்ப போட்டோ எடுத்து அனுப்பறேன்.